ஆர்டருக்கு வராது

அதை மடியில வெச்சுக்க கண்ணு, கீழ வெச்சா எவனாச்சும் மிதிச்சுப்போடுவான். ஆமா, ஒயர் கூடைதான். நான் போட்டதுதான். அந்தக் கைப்பிடிக் காதுல மட்டும் கைய வெக்காத. நேத்துத்தான் கட்டுனேன், இன்னும் முடிச்சு இறுகல.

என்னது? இதே மாதிரி உனக்கு ஒண்ணா?

இல்ல சாமி. நான் ஆர்டரு எடுக்கறதில்ல.

கோவிச்சுக்காத. சந்தைக்கு வா. கருவாட்டுக் கடைக்கு இந்தப் பக்கம், கயித்துல வரிசையாத் தொங்கும். பாரு. புடிச்சா எடுத்துக்க. புடிக்கலீன்னா அக்கட்டால போயிரு, நான் ஒண்ணுஞ் சொல்லமாட்டேன். ஆனா, "அக்கா, இந்தப் பச்சைக்குப் பதிலா ரோசு போடுங்க, அடிய ஒரு வெரக்கடை கூட்டுங்க"ன்னு வந்து நின்னீன்னா, கும்புடு போட்டு அனுப்பிப்போடுவேன்.

நீ எங்க எறங்கற? சத்தியமங்கலமா? நான் தண்ணிப்பந்தல் மேட்டுக்கு அங்கிட்டு, வளைவுல ஒரு வேப்பமரம் இருக்குதல்ல, அங்க எறங்கோணும். ஏறுனதுமே கண்டக்டருகிட்டச் சொன்னேன். என்ன சொன்னான்னு கேட்டியல்ல? "அங்கெல்லாம் நிக்காதுங்க. ஸ்டேஜு கெடையாதுங்க. மேட்டுல எறங்கி நடந்துக்குங்க."

சிரிக்காத, சிரிக்காத. திரும்பிப் பாக்கறான். மூக்குலயே பேசறான் கண்ணு, சளி புடிச்ச ஆட்டுக்குட்டியாட்ட.

இது ஒரு கெரகம் எனக்கு. யாரு பேச்சாச்சும் காதுல விழுந்துச்சுன்னா வாயில ஒட்டிக்கும். ரேசன் கடைக்காரரு, கரண்டு கணக்கு எடுக்க வர்றவரு, என்ற நாத்தனா, நாத்தனா ஊட்டு எருமை, எல்லாம் வரும். எங்க லைன் ஊட்டு வாசல்ல நான் ஒயரை எடுத்துக்கிட்டு ஒக்காந்தா, அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க தானா வந்து ஒக்காந்துக்குவாங்க. கூடை பாக்கவா வர்றாங்க? இந்த வாயிக்கு வர்றாங்க.

ஆனா கேட்டா வராது. கல்யாண ஊட்டுல எங்க பெரிய மச்சாண்டாரு, "மயிலாத்தா, உன்ற மாமியாளாட்டப் பேசு, எல்லாரும் கேக்கட்டும்"பாரு. வாயத் தொறந்தா என்ற கொரலுதான் வரும். எல்லாரும் என்ற மூஞ்சியப் பாப்பாங்க. அசிங்கமாப் போயிரும். அப்பறம் பந்தியில ஒக்காந்து, "ஏனுங்க, இங்க கொஞ்சம் ரசம் ஊத்துங்க"ம்பேன் பாரு, அது மாமியா கொரல்ல வரும்! எனக்கே தெரியாது. பக்கத்து எலைக்காரிக்குப் பொரை ஏறும், அப்பத்தான் தெரியும்.

கூடையும் அப்படித்தான். கைக்கு எந்த ஒயரு வருதோ அதை எடுத்து அடி போட்டா, அது பாட்டுக்கு வளரும். "இப்படி வேணும்"னு ஒருத்தி சொல்லிப்போட்டா கை நின்னுக்கும்.

அப்படிப்பட்டவள ஆர்டரு எடுக்க வெச்சா ஒருத்தி. செண்பகவல்லின்னு பேரு. திருநெல்வேலிக்காரி. ஊட்டுக்காரரு நூல் மில்லுல சூப்பர்வைசரு. மாத்தலாகி இந்தப் பக்கம் வந்தாங்க. புள்ளைகுட்டி இல்ல. ரெண்டே பேரு.

சந்தையில வந்து நின்னா. தொங்குன கூடை அத்தனையும் தொட்டுத் தொட்டுப் பாத்தா. அப்பறம் கழுத்தச் சித்தச் சாச்சுக்கிட்டு என்னைப் பாத்துக் கேட்டா:

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியளே?"

எனக்கு அங்கியே காதுல விழுந்துருச்சு கண்ணு. அந்த "மாட்டியளே". நம்ம பக்கம் எவ அப்படிக் கேக்கறா? நம்மாளுங்க கேட்டா சண்டைக்குக் கூப்பிடற மாதிரி இருக்கும். இவ கேட்டா, கோவப்படோணும்னு நெனச்சாக்கூட முடியாது. மெத்துனு இருக்கும், வேகவெச்ச பனங்கெழங்காட்ட.

"எனக்கு ஒரு பெரிய கூடை போட்டுத் தருவியளா? மில்லுல அவ்வொளுக்குச் சோறு கொண்டுட்டுப் போணும்லா. கேரியரு நிமுந்து நிக்கணும், பக்கத்துல மோர்ச்செம்பு சாயப்படாது. பச்சையும் மஞ்சளும். நீங்க மனசு வச்சாப் போதும்."

மனசு வெச்சேன். அங்கதான் மாட்டுனேன்.

கூடைக்கு அடிதான் கண்ணு எல்லாம். அடி போட்டுட்டா அகலம் முடிஞ்சுது. அப்பறம் சின்னதாக்கோணும்னா ஒவ்வொரு முடிச்சாப் பிரிக்கோணும். பிரிச்ச ஒயரைப் பாத்திருக்கறியா? முடிச்சு இருந்த எடமெல்லாம் மடிஞ்சு, சுருட்டை முடியாட்ட நிக்கும். சுடுதண்ணியில போட்டு இழுத்தாலும் முழுசா நேராகாது. புது ஒயரு புது ஒயருதான்.

நான் பாதி ஒசரம் ஏத்தியிருக்கறேன், வர்றா.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட... ஹ்ஹ்... மாட்டியளே? கொஞ்சம் சின்னதாக்கிருவமா? பெருசா இருந்தா நெறைய வச்சிருதேன். தூக்க முடியல, பாத்துக்கிடுங்க."

நடுவுல ஒரு மூச்சு. வெயில்ல நடந்து வந்திருக்கறா. தண்ணி குடுத்தேன், குடிச்சுப்போட்டுப் போயிட்டா. நான் ஒக்காந்து பிரிக்கறேன். பிரிச்சுப் போட்டு மறுபடி அடி போட்டு, ஓரத்துக்கு வர்றேன். வர்றா.

"காது நீளமா வச்சிருங்கக்கா. தோள்ல மாட்டிக்கிடுதேன். கையில புடிச்சா இழுக்கு."

கூடையத் தோள்ல மாட்டறாளாமா! "ஏன் அம்மிணி, காலேசுக்குப் போறியா?"ன்னு கேட்டேன். வாசல்ல இருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. அவளுந்தான் சிரிச்சா.

அவ தலை மறைஞ்சதும் நான் ஆரம்பிச்சுருவேன். எல்லாரும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருப்பாளுக. அந்த மூச்சு இருக்குது பாரு, அதை எந்த எடத்துல விடோணும்ங்கறதுலதான் எல்லாம் இருக்குது. "கோவிச்சுக்கிட"ன்னு சொல்லிப்போட்டு, கண்ணை ஒருக்கா மூடி, ஹ்ஹ், அப்பறந்தான் "மாட்டியளே". ஒரு நூலு முந்துனாலும் சிரிப்பு வராது. ஒரு நூலு பிந்துனாலும் வராது. எங்க மூச்சு வாங்கறோம்னு அவளுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். மொதல்ல ஒரு எடத்துலதான் வாங்கிக்கிட்டு இருந்தா. அப்பறம் ரெண்டு எடத்துல வாங்குனா, நானும் ரெண்டாக்கிக்கிட்டேன். அன்னிக்கு என்ன சிரிப்புங்கற! எதுத்த ஊட்டு ருக்குமணி பொடவையில வாயப் பொத்திக்கிட்டு உருள்றா.

சரி, அதை உடு. மறுபடி வர்றா.

"கேரியரு வேண்டாம்க்கா. ஒரு பெரிய கவர் வைக்கணும். நெட்டுக்குத்தலா நிக்கணும்... ஹ்ஹ்... மடங்கப்படாது. கூட ஒரு பிளாஸ்க்கு. அம்புட்டுத்தான்."

சோத்துக்கூடையாப் பொறந்தது கவர் கூடை ஆயிப்போச்சு! "ஏன் அம்மிணி, பத்திரம் பதியறதுக்குப் போறீங்களா, சொந்த ஊடு வாங்கியாச்சா?"ன்னேன். "ஆமாக்கா, வீடுதான்"னா. சிரிச்சுக்கிட்டே சொன்னா. நானும் நெசம்னுட்டு நெனச்சேன். நீயே சொல்லு, கவருக்கு எவளாச்சும் ஒயர் கூடை கேப்பாளா? அதையும் பிரிச்சேன். ஒல்லியா, நெட்டையா, கொக்காட்ட ஒரு கூடை. எனக்கே பாக்கப் புடிக்கல.

அப்பறம் ஒரு நா வந்தா. எப்பவும் வாசப்படியில நின்னுட்டே பேசிட்டுப் போயிருவா. அன்னிக்கு எங்களோட கீழ ஒக்காந்தா. ஒயரு துண்டு ஒண்ணை எடுத்து வெரல்ல சுத்திக்கிட்டே இருந்தா. நல்ல கூட்டம் அன்னிக்கு, ருக்குமணி, அவ தங்கச்சி, பால்காரப் பொண்ணு எல்லாரும் இருந்தாங்க. இவ கழுத்தச் சாச்சா. எனக்குத் தெரிஞ்சு போச்சு, இன்னொருக்கா பிரிக்கச் சொல்லப் போறா. "அக்கா, ஒண்ணு..."ன்னா பாரு, அவ வாயில இருந்து அப்படியே புடுங்கி நான் முடிச்சேன்.

"...சொன்னா... ஹ்ஹ்... கோவிச்சுக்கிட... ஹ்ஹ்... மாட்டியளே?"

அவ மூஞ்சிக்கு நேரா! அவ கொரல்லயே! கழுத்துகூட அவளாட்டமே சாச்சேன்.

இடி விழுந்தாப்புல சிரிப்பு. பால்காரப் பொண்ணு சொம்பையே கீழ போட்டுருச்சு. அவளும் சிரிக்கறா கண்ணு. எல்லாத்துக்கும் மேல அவதான் சிரிக்கறா. சிரிச்சுச் சிரிச்சு இரும வந்து, கண்ணுல தண்ணி வந்து, முந்தானையில தொடைச்சுக்கறா, மறுபடி என்னைப் பாக்கறா, மறுபடி சிரிக்கறா. "என்ன மாத்தோணும், சொல்லு"ன்னேன். "ஒண்ணுமில்லக்கா. பொறவு சொல்லுதேன்"னு எந்திரிச்சுப் போயிட்டா.

எப்படி? வாயத் தொறக்கவே உடலையே நானு! அன்னிக்கு மட்டும் உட்டிருந்தா இன்னொருக்கா பிரிச்சிருக்கோணும். எல்லாரும் சொன்னாங்க, மயிலக்கா, நீ இன்னிக்குத் தப்பிச்சுக்கிட்டேன்னு.

அதுக்கப்பறம் அவ வரல.

நான் பாத்தேன், பாத்தேன். காது கட்டாம கூடை மொளையில தொங்குது. காது எத்தனை நீளம்னு தோள்ல வெச்சு அளக்கோணுமல்ல, அவ வந்தாத்தான கட்ட முடியும்? சந்தைக்கு எடுத்துட்டுப் போலாம்னா, அந்தக் கொக்கு மாதிரி இருக்கறதை எவ வாங்குவா? எனக்கு வந்த கோவம் இருக்குதே. பாக்கறவங்ககிட்டெல்லாம் சொன்னேன், ஆர்டரு குடுத்துப்போட்டு ஆளு ஓடிட்டா, தெக்கத்திச் சீமைக்காரங்கள நம்பாதீங்கன்னு. சொல்லிப்போட்டு அவ கொரல்ல ஒரு "மாட்டியளே". சும்மா இல்ல, அந்தக் கொரலு இல்லாம அந்த வாசல்ல பொழுதே போறதில்ல.

ஒரு நா சாயங்காலம், அதே மாதிரி ஒக்காந்திருக்கறோம். நான் வாசலுக்கு முதுகு காட்டிட்டு இருக்கறேன். ருக்குமணி எடுத்துக் குடுக்கறா, "எங்கக்கா உன்ற திருநெல்வேலி?"ன்னு. எனக்கு வந்துருச்சு. கழுத்தச் சாச்சேன். "ஒண்ணு சொன்னா... ஹ்ஹ்... கோவிச்சுக்கிட..." கண்ணை மூடி, ஹ்ஹ்ஹ், "மாட்டியளே?"

ஒருத்தியும் சிரிக்கல.

என்னடா இது, எடம் தப்பிப்போச்சான்னு நெனச்சேன். சித்த முந்தி உட்டுட்டனோ மூச்சைன்னு. கண்ணைத் தொறந்தா, அத்தனை பேரும் எனக்குப் பின்னாடி பாக்கறாங்க. திரும்பிப் பாத்தா அவரு நிக்கறாரு, அவ ஊட்டுக்காரரு. ஆவுடையப்பன்னு பேரு. செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. மொட்டை அடிச்சிருக்கறாரு.

சண்டைக்கு வந்திருக்கறாருன்னுதான் நெனச்சேன். ருக்குமணி மொதல்ல நழுவுனா. ஒவ்வொருத்தியா எந்திரிச்சுப் போயிட்டாளுக. நானும் அவரும் அந்தக் கூடையுந்தான்.

"கூடை முடிஞ்சிட்டாக்கா?"ன்னாரு.

முடியலீங்க, காது இருக்குதுன்னேன். அவளை வரச் சொல்லுங்க, அளக்கோணும்னேன். அந்த மொட்டையப் பாத்துக்கிட்டே சொல்றேன் கண்ணு. எனக்கு ஓடல.

அப்பறந்தான் சொன்னாரு. அவளுக்கு நெஞ்சுல நீரு கோத்திருந்துச்சாமா. கோயமுத்தூருக்கும் இங்கயுமா அலைஞ்சிருக்கறாங்க. அந்தக் கவரு ஸ்கேன் எடுத்த கவராமா, மடங்கக் கூடாதுன்னு நர்சு சொல்லிச்சாமா. கடைசி வரைக்கும் அவரு அதை ஒரு துணிப்பையில வெச்சுச் சுருட்டாம புடிச்சுக்கிட்டே போயிருக்கறாரு பஸ்ஸுல.

எனக்கு மனசு பொக்குனு போச்சு. ஆனா கோவமும் வந்துச்சு, சொல்றேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல? எத்தனை தடவை வந்தா, எத்தனை தடவை பிரிக்கச் சொன்னா, நான் வேண்டாம்னனா? ஒரு தடவை ஒக்காந்து, அக்கா, இந்த மாதிரின்னு சொன்னா நான் என்ன கடிச்சா திங்கப்போறேன்? அதை அவருகிட்டயே கேட்டேன். ஏனுங்க, எங்கிட்டச் சொல்ல வேண்டாமான்னேன்.

"சொல்லணும்னுதான் ஒருநாள் வந்தாக்கா. வீட்டுக்குத் திரும்பி வந்து, 'அக்கா என்னைய மாதிரியே பேசுதாவ, சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு வலிச்சிட்டு, சொல்ல வந்ததே மறந்துட்டு'ன்னா. அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குனா."

பாத்தியா? அவளுக்கே புடிச்சிருக்குது. நான் என்னமோ கேலி பண்ணிப்போட்டேன்னு இப்ப ருக்குமணி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா. உருண்டு உருண்டு சிரிச்சது ஆரு?

அதோட கூடைய வாங்கிட்டுப் போயிருந்தார்னா சரி. போகல. அந்த ஒயரு துண்டுகளப் பாத்துக்கிட்டே நிக்கறாரு. அப்பறம் சொல்றாரு:

"அக்கா, அவ பேச்சு எனக்கு மறந்துட்டு வருது. கடைசில பேசுனதுதான் காதுல கெடக்கு, இரைச்சு இரைச்சு. அதுக்கு முந்தி எப்படிப் பேசுவான்னு நெனச்சுப் பாத்தா வர மாட்டேங்கு. போன்ல தேடுனேன். எல்லாம் போட்டோதான், பேசுனது ஒண்ணுகூட இல்ல. இப்பம் வாசல்ல வந்து நின்னேம்லா, அவதான் உள்ள இருக்கான்னே நெனச்சேன். அந்த இரைப்பு மட்டும் இல்லாம... ஒரே ஒரு தடவ... பேசிக் காட்டுவியளா?"

பெரிய மனுசன் கண்ணு. மில்லுல அத்தனை பேர வெரட்டி வேலை வாங்கறவரு. செருப்பை இன்னும் கீழ போடாம கையில புடிச்சுக்கிட்டுக் கேக்கறாரு.

நான் என்ன சொன்னேன்ங்கற? "நான் ஆர்டரு எடுக்கறதில்லீங்க"ன்னேன். வாயில அதுதான் வந்துச்சு.

"சரிக்கா"ன்னாரு. "கூடையாவது முடிச்சு வைங்க. எந்த அளவுன்னாலும் சரி. அவளுக்குப் படையல் போடும்போது நீங்களே வந்து தந்தாச் சந்தோசம். பேசவெல்லாம் வேண்டாம், சும்மா வாங்க"ன்னுட்டுப் போயிட்டாரு.

இன்னிக்குத்தான் படையலு. அதுக்குத்தான் போறேன்.

பேசறதா? எங்க பேசறது! நான் பேசிப் பாக்காம இருப்பனா? அடுப்புகிட்ட நின்னு பாத்தேன். கொடத்துல தண்ணி புடிக்கறப்பப் பாத்தேன். மொத நா சந்தையில எப்படிக் கேட்டா, அதை அப்படியே எடுக்கலாம்னு பாக்கறேன். எங்கியோ இருக்குது உள்ள. வாயத் தொறந்தா அந்த மூச்சு வந்து குறுக்க நிக்குது. இரு, நீ முன்னப்பின்ன அவளக் கேக்காத ஆளு, நீ கேட்டுச் சொல்லு.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட... ஹ்ஹ்..."

வந்துருச்சு. கேட்டியல்ல? வேண்டாம் வேண்டாம்னு நெனச்சா இன்னும் நல்லா வருது. இரு. "ஒண்ணு சொன்னா... ஹ்ஹ்..." தூ. பிரிச்ச ஒயராட்டந்தான், மடிஞ்ச எடம் மடிஞ்சே நிக்குது. நானாப் பழக்குன வாயி, எஞ்சொல்லு கேக்க மாட்டீங்குது. அதுக்குத்தான் சொல்றேன், ஆர்டருக்கு வராதுன்னு. கூடையக் குடுத்துப்போட்டு, ஒரு கும்புடு போட்டுட்டு, வாயத் தொறக்காம வந்துருவேன்.

கூடை? ஓ, இதைக் கேக்கறியா. ஆமா, கேரியரு வெக்கற கூடைதான், பெருசுதான். அந்தக் கொக்குக் கூடைய எடுத்துட்டுப் போக எனக்கு மனசு வரல. பிரிச்சுப்போட்டேன். புதுசா ஒயரு வாங்கி, பச்சையும் மஞ்சளும், மொத நா அவ கேட்டாளே அந்த அளவுக்கு அடி போட்டேன். கேரியரு நிமுந்து நிக்கும். மோர்ச்செம்பு சாயாது. அந்த மனுசனுக்கு இனி சோறு ஆரு கொண்டு போறா, அது வேற. ஆரும் கேக்கல, நானாப் போட்டேன். அதனால இது ஆர்டரு இல்ல.

வெசனமா? எனக்கா? ஒண்ணுமில்ல கண்ணு. காத்து மூஞ்சியில அடிக்குது. அந்தக் கண்ணாடியச் சித்த இழுத்து உடு.

அய்யய்யோ, தண்ணிப்பந்தல் மேடு தாண்டிட்டானா? பேச்சுல கவனிக்கவே இல்ல பாரு! அதோ வேப்பமரம். அதுக்கடுத்துச் செக்போஸ்ட்டுலதான் நிப்பான், அங்கிருந்து இதைத் தூக்கிட்டு நான் எப்ப வந்து சேர்றது? நகரு, நகரு கண்ணு, வழி உடு.

தம்பி! கண்டக்டரு தம்பி! ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியளே? அந்த வேப்பமரத்துகிட்ட நிப்பாட்டிருங்க. பெரிய கூடை வச்சிருக்கேன், அம்புட்டுத் தூரம் நடக்க முடியாதுலா. நீங்க மனசு வச்சாப் போதும்.

பாத்தியா, விசிலு அடிச்சுப்போட்டான்! அப்ப என்னமோ ஸ்டேஜு இல்லைன்னான், இப்ப ஒரு வார்த்தை பேசாம நிப்பாட்டறான். சரி கண்ணு, கூடையக் குடு. காதுல புடிக்காத, அடியில கைய வெச்சுக் குடு.

என்ன? ஏன் அப்படிப் பாக்கற? நான் என்ன பண்ணுனேன் இப்ப?